ஏழு நாள், ஒரே ஊர்

சகோதரிகளே! "ஒரு வாரம் எங்கேயாவது போய் நிம்மதியாக இருந்துவிட்டு வரலாம்" என்று கிளம்புகிறோமே, அதில் நிம்மதி யாருக்குக் கிடைக்கிறது? மூட்டை கட்டுவது நாம், பிரிப்பது நாம். "பாப்பா ஸ்வெட்டர் எங்கே, அப்பா மாத்திரை எங்கே" என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்வதும் நாம்தான். திரும்பி வந்தால் அழுக்குத் துணி மூட்டை வாசலிலேயே வரவேற்கும்!

என் வீட்டுக்காரருக்கு வேலை ஜமுனாமரத்தூரில். பதினாறு வருஷமாக ஜவ்வாது மலையில்தான் எங்கள் குடித்தனம். ஞாயிற்றுக்கிழமைகளில் வேனில் வந்து இறங்கும் குடும்பங்களைப் பார்க்கிறேன். காலையில் அருவி, மத்தியானம் படகு, சாயந்திரம் இன்னோர் இடம், ராத்திரியே மலை இறக்கம். குழந்தை சிணுங்கும், தாயார் முகத்தில் களைப்பு வழியும்.

போன மாதம் என் தங்கை போன் செய்தாள். மூன்று வயசுப் பையன், முட்டிவலிக்கார மாமியார், கணவர் என்று நாலு பேர்.

"அக்கா, தை மாசம் ஒரு வாரம் உங்க மலைக்கு வரோம். எத்தனை இடம் பார்க்கலாம்?"

"இடத்தை எண்ணாதேடி. ஏழு நாளில் எத்தனை மத்தியானம் நீ படுத்துத் தூங்கப் போறேன்னு எண்ணு" என்றேன். சிரித்தாள். பிறகு இருவருமாக உட்கார்ந்து போனிலேயே போட்ட திட்டம்தான் இது. உங்களுக்கும் உதவட்டுமே!

முதலில் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். பௌர்ணமியை ஒட்டி வேண்டாம். திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகும் கூட்டத்தில் அந்தப் பக்கத்துப் பஸ்களில் கைக்குழந்தையோடு ஏற முடியாது. அமாவாசையை ஒட்டிய வாரம் நல்லது. இருட்டு வானத்தில் நட்சத்திரம் நன்றாகத் தெரியும். அதற்குத்தான் இங்கே பெரிய காரணம் இருக்கிறதே, பின்னால் சொல்கிறேன். தை, மாசியில் வானம் தெளிவு. காவலூர் சுமார் 725 மீட்டர் உயரம்தான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். எனவே மூட்டையாகக் கம்பளி வேண்டாம், ஆளுக்கு ஒரு ஸ்வெட்டரும் காதுக்கு மஃப்ளரும் போதும்.

இரண்டாவது, ஒரே இடத்தில் தங்குங்கள். ஜமுனாமரத்தூரில் அறைகள் உண்டு, முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மாமியாருக்காகத் தரைத்தளமாகவும், மேற்கத்திய பாணிக் கழிப்பறை உள்ளதாகவும் கேளுங்கள். தினம் ஓர் ஊர் மாறினால் மூட்டை கட்டுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

மூன்றாவதுதான் முக்கியம். ஸ்டவ்வும் அரிசி மூட்டையும் கொண்டு வராதீர்கள்! போன இடத்திலும் சமையல் நம் தலையில் விழுந்தால் அது விடுமுறையா? அடுப்பு மட்டும்தான் மாறியிருக்கிறது. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் காலையிலேயே சொல்லிவைத்தால் காரம் குறைத்துச் செய்து கொடுப்பார்கள். குழந்தைக்கு மட்டும் சத்துமாவு, ஒரு பிளாஸ்க். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி நாள் கணக்கு. புதன்கிழமை வந்து அடுத்த செவ்வாய்க்கிழமை இறங்குங்கள்.

புதன்: மலைப்பாதையில் வளைவுகள் அதிகம். அரை வயிறாகச் சாப்பிட்டு, முன் இருக்கையில் உட்காருங்கள். வந்ததும் வேறு வேலையே வேண்டாம், படுங்கள்.

வியாழன்: வெயில் தாழ்ந்ததும் கோமுட்டேரியில் படகு. ஒரு மணி நேரம் போதும்.

வெள்ளி: பீமன்மடவு அருவி. மழைக்காலம் முடிந்து நாளானால் தண்ணீர் குறைந்துவிடும், விசாரித்துவிட்டுப் போங்கள். பாறை வழுக்கும். மாமியார் மேலேயே உட்காரட்டும், குழந்தையை ஒருவர் கையை விடாமல் பிடித்திருக்கட்டும்.

சனி: காவலூர். வானைப் பார்க்கும் பெரிய தொலைநோக்கிகள் அங்கே இருக்கின்றன. அதில் ஒன்றன் கண்ணாடி மட்டும் 2.34 மீட்டர், அதாவது ஏழரை அடி அகலம். 1986-ல் திறக்கப்பட்டது. வானியல் அறிஞர் வைணு பாப்பு பெயரைத்தான் நிலையத்துக்கு வைத்திருக்கிறார்கள். யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977-ல் கண்டறிந்தபோது, காவலூரிலிருந்தும் கவனித்தார்கள். 1988-ல் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு நம் கணித மேதை ராமானுஜன் பெயர்! பூமத்திய ரேகைக்குப் பக்கமாக இருப்பதால் தென்திசை வானமும் இங்கே நன்றாகத் தெரியும். சித்திரை, வைகாசி முன்னிரவில் வருகிறவர்கள் தெற்கே தாழ்வாகச் சிலுவைபோல் நாலு நட்சத்திரங்களைத் தேடுங்கள். நம் பெரியவர்கள் திரிசங்கு என்றது அதைத்தான். தென் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அது இன்னும் உயரத்தில் தெரியும். பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிப்பது வழக்கம்; கிளம்பும் முன் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி திரும்பப் பஸ்ஸை நம்பாமல் வண்டி பேசிவையுங்கள்.

ஞாயிறு: கீழேயிருந்து கூட்டம் வரும் நாள். நீங்கள் எங்கும் போக வேண்டாம். குழந்தை மண்ணில் விளையாடட்டும்.

திங்கள்: நடக்க முடிந்தவர்கள் கீழ்செப்பிலிப் பக்கம் கற்திட்டைகளைப் பார்க்கலாம். குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்று ஊரில் கதை சொல்வார்கள். உண்மையில் பெருங்கற்காலத்து மக்கள் இறந்தவர்களுக்காகப் பலகைக் கற்களால் எழுப்பியவை. ஏறவோ தட்டவோ கூடாது.

வழியில் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் வரும். கேட்காமல் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதும் போட்டோ எடுப்பதும் வேண்டாம். நம் வீட்டில் யாராவது அப்படிச் செய்தால் சும்மா இருப்போமா? இந்த மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற இளம்பெண், பிரசவமான சில நாளிலேயே சிவில் நீதிபதி தேர்வை எழுதி, 2024-ல் தேர்ச்சிச் செய்தி வந்து நாடே வாழ்த்தியது நினைவிருக்கும். குழந்தையோடு அவதிப்படும் இளம் தாய்மார்களுக்கு இதைவிடத் தெம்பு வேண்டுமா?

செவ்வாய்: சாமை, தேன், புளி வாங்கிக்கொண்டு இறங்குங்கள். சாமையைக் கால் மணி நேரம் ஊறவைத்து, ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் விட்டால் சாதம் பதமாக வரும். தேன் மட்டும் ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு நாக்கில் தடவக்கூடக் கூடாது. அபூர்வமாக, உயிருக்கே ஆபத்தான கிருமி நோய் அதனால் வரலாம். பாட்டிமார் வற்புறுத்தினாலும் பணிவாக மறுத்துவிடுங்கள்.

"அமிர்தி, ஏலகிரி எல்லாம் விட்டுட்டியே அக்கா?" என்றாள் தங்கை. விட்டால்தான் ஓய்வு! அவை எங்கும் ஓடிப் போகாது, இன்னொரு தடவை வரலாம்.

கடைசியாக அவள் வீட்டுக்காரரிடமும் பேசினேன். காலையில் பையனைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுப்பது அவர் பொறுப்பு. மருந்துப் பெட்டி மாமியார் கையில். காய்ச்சல் மாத்திரை, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வழக்கமான மருந்துகள் ஏழு நாளுக்குப் பதில் பத்து நாளுக்கு. "சரிங்க அக்கா, அவ தூங்கட்டும்" என்றார் மனுஷர். இந்த ஒரு வார்த்தையை ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும், சகோதரிகளே. மலை ஏறின பிறகு கேட்டால் கிடைக்காது!