வழக்காடாத வழக்கறிஞன்

அமெரிக்க எழுத்தாளர் ஜான் கிரிஷாமின் 'தி ஃபர்ம்' 1991இல் வெளிவந்தது. குற்றக் கும்பலின் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கித் தந்த ஒரு சட்ட நிறுவனத்தில் அகப்பட்ட இளம் வழக்கறிஞன் மிட்ச், தன் மதியால் தப்பிய கதை அது. அதன் தொடர்ச்சியான 'தி எக்ஸ்சேஞ்ச்' 2023இல் வந்தபோது ஆவலோடு ஒலிநூலாகக் கேட்டேன், ஏமாற்றமே மிஞ்சியது.

லிபியாவில் பாலம் கட்டிய துருக்கி நிறுவனத்துக்குச் சேர வேண்டிய தொகை குறித்த வழக்கு அருமையான கரு. ஆனால் பெண் வழக்கறிஞர் ஒருவர் கடத்தப்பட்டதும், கதை பத்துக் கோடி டாலர் மீட்புப் பணம் திரட்டும் அலைச்சலாகிவிடுகிறது. மிட்ச் விமானம் ஏறுகிறான், இறங்குகிறான், மீண்டும் ஏறுகிறான். அச்சு நூலாயின் பக்கங்களைத் தள்ளிவிடலாம். செவிக்கு அந்த வசதி ஏது?

சட்டக் கதையின் உயிர் வாதத்தில் இருக்கிறது. இதைத் தூத்துக்குடியாருக்கு விளக்கவும் வேண்டுமோ? 1908இல் திருநெல்வேலி நீதிமன்றத்தில் வழக்கறிஞரான வ.உ.சி.யே குற்றவாளிக் கூண்டில் நின்றார். மேடையில் பேசியதும், சுப்பிரமணிய சிவாவுக்குத் துணைநின்றதுமே குற்றங்கள். நீதிபதி பின்ஹே விதித்தவை இரண்டு ஆயுள் தண்டனைகள். மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912 இறுதியில் விடுதலையானார். அவ்விசாரணையை நல்ல குரல்வளம் உடையார் எவரேனும் ஒலிநூலாக்கித் தந்தால், நம் மாணவர் இடையில் நிறுத்தாது கேட்பர்.