பெலிக்கன் டவுனில் ஒரு குமாஸ்தாகூட இல்லை

கோடை விடுமுறைக்கு வந்த மகள் வயிற்றுப் பேரன் பத்து நாளாகக் கம்ப்யூட்டரில் விவசாயம் பார்த்தான். வெளியே அக்னி நட்சத்திரம். திட்டி வெளியே விரட்டவும் முடியாது. "அப்படி என்னடா அதில் இருக்கிறது?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தவன், நாலு நாள் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரிக்கு என் மேல்தான் கோபம்.

விளையாட்டின் பெயர் 'ஸ்டார்டியூ வேலி'. அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்து இளைஞர் எரிக் பரோன் என்பவர் நாலு வருஷத்துக்கும் மேலாகத் தனி ஆளாக உட்கார்ந்து படம், பாட்டு, கதை எல்லாம் செய்து 2016-ல் வெளியிட்டாராம். 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. மந்திரவாதி, குள்ளர், காட்டுக் குட்டிப் பூதங்கள் எல்லாம் உண்டு. ஆனால் கதை நடப்பது பெலிக்கன் டவுன் என்கிற சின்ன விவசாய ஊரில். முப்பது பேர் இருந்தால் அதிகம். ஒரு மளிகைக் கடை, ஒரு கொல்லன், ஒரு டாக்டர், ஒரு சாராயக் கடை, ஒரு மேயர்.

கடைக்காரர் பெயரைப் பேரன் 'பியர்ரி' என்றான். "பியேர் என்று சொல்லுடா" என்றேன். அவன் நட்ட முதல் பயிர் பார்ஸ்னிப். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் 'பனே' என்று மனப்பாடம் செய்து, கண்ணால் காணாமலே தேர்வு எழுதிய காய்! அறுபது வருஷம் கழித்து அது என் வீட்டுத் திரையில் முளைக்கிறது.

கதாநாயகன் யார் தெரியுமா? நம்ம ஆள்தான். 'ஜோஜா' என்ற பெரிய கம்பெனியின் நகரத்து ஆபீசில், வரிசையாகப் போட்ட மேசைகளில் ஒன்றில் உட்கார்ந்து குப்பை கொட்டுகிற ஒரு குமாஸ்தா. தாத்தா சாகும்போது ஒட்டிக் கொடுத்த உறை ஒன்று மேசை டிராயரில் கிடக்கிறது. மனசு உடைகிற ஒரு நாளில் பிரிக்கிறான். "என் பண்ணையை எடுத்துக்கொள்" என்பது விஷயம். பஸ் ஏறிப் போய் இறங்குகிறான். நிலம் அவனுடையதாகி விடுகிறது. மேயர் லூயிஸ் 15 விதை வைத்து வரவேற்கிறார்.

இந்த இடத்தில்தான் எனக்கு வாயடைத்துப் போயிற்று. பட்டா மாற்றம் எங்கே? வாரிசுச் சான்றிதழ் எங்கே? அத்தை மகன் ஆட்சேபணை மனு போட மாட்டானா? ஒரு கடுதாசியில் நிலம் கை மாறுகிறது! முப்பத்து மூன்று வருஷம் இதே வேலையாக உட்கார்ந்தவன் நான். அந்த ஊரில் எனக்கு நாற்காலியே இல்லை.

மற்றதும் அப்படியே. பார்ஸ்னிப் விதை 20 காசு, 4 நாளில் 35 காசு. காலிஃபிளவர் விதை 80 காசு, 12 நாளில் 175. ஒரு கூடை கொண்டு போனாலும் ஒரு வண்டி கொண்டு போனாலும் விலை இறங்காது. விளைந்ததை ராத்திரி பெட்டியில் போட்டால் விடிந்ததும் பணம். கமிஷன் இல்லை, எடை மோசடி இல்லை, வரி இல்லை, வட்டி இல்லை. நாளை மழை என்று டி.வி. சொன்னால் நாளை மழைதான். காக்கைக்குச் சோளக்கொல்லைப் பொம்மை நட்டால் போதும். 28 நாளில் பருவம் மாறும். அதற்குள் அறுக்காவிட்டால் பயிர் காய்ந்து போகும். இவ்வளவுதான் கஷ்டம். வெட்டு, விதை, தண்ணீர் ஊற்று, பணம் எடு.

விளையாட்டு நேரத்தை வீணாக்குகிறது என்பது நம் வயதுக்காரர்களின் புகார். எனக்கு அந்தப் புகார் இல்லை. என் வழக்கு வேறு. விவசாயி கெட்டது மண்வெட்டியால் அல்ல. விலையாலும் கடனாலும் காகிதத்தாலும். அந்த மூன்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது உழைப்பு மட்டும். அப்புறம் 'உழைத்தால் விளையும், விளைந்தால் பிழைக்கலாம்' என்று பிள்ளை நினைப்பான். பிழைக்காதவன் சோம்பேறி என்றும் நினைப்பான்.

என் கதையையே சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஆபீஸும் வேண்டாம். அப்பா செத்த பிறகு பெயர் மாற்றத்துக்கு ஒருவர் வந்துகொண்டிருந்தார். விண்ணப்பத்தில் ஓர் இடத்தில் கையெழுத்து விட்டுப் போயிருந்தது. எதிரில்தான் நிற்கிறார், "இங்கே போடுங்கள்" என்று விரலால் காட்டியிருந்தால் முடிந்தது. நானோ குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். அது மேலே போய், கீழே வந்து, என் டிராயரில் படுத்தது. நாலு மாதம். பெயர் மாறாததால் பயிர்க்கடன் கிடைக்காமல் அவர் கந்து வட்டிக்கு வாங்கி நட்டார். இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. டீக்கடையில் வேறு யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. என் டிராயரிலும் ஒரு காகிதம் இருந்தது, அந்தக் கதாநாயகனுக்கு இருந்த மாதிரியே. நான் பிரிக்கவில்லை.

பயிர் விஷயத்தில் பொய் சொன்ன பரோன், மனுஷர் விஷயத்தில் பொய் சொல்லவில்லை. பஸ் ரிப்பேராகி நின்றுவிட்டதால் வேலை போன டிரைவர் பாம் என்ற அம்மாள் தினம் சாராயக் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மகள் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். கெண்ட் என்பவர் இரண்டாம் வருஷம் யுத்தத்திலிருந்து திரும்புகிறார். வீட்டில் மனைவி சோளப்பொரி பொரிக்கிற சத்தம் அவருக்குத் துப்பாக்கிச் சத்தமாகக் கேட்கிறது. கூடாரத்தில் வசிக்கும் லைனஸ் ராத்திரியில் குப்பைத் தொட்டியைக் கிளறுகிறார். இவர்களுக்குக் காய் கொடுத்தும் பேச்சுக் கொடுத்தும்தான் நெருங்க முடியும். பேரன் லைனஸுக்கு அடிக்கடி ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் தூங்கப் போவான்.

ஊரின் பெரிய வழக்கு, பாழடைந்த சமுதாயக் கூடம். 5,000 காசு கட்டி ஜோஜா கடையில் உறுப்பினரானால் அதைக் கிடங்காக்கி விடுவார்கள்; அப்புறம் காசு கட்டக் கட்ட ஊர் வசதிகள் வரும். இல்லையென்றால் பூதங்கள் கேட்கிற காய், மீன், பழம் எல்லாம் பருவம் பார்த்துச் சேர்த்துக் கூடத்தை மீட்க வேண்டும். பேரன் ஜோஜா பக்கம் சாய்ந்தான். "சீக்கிரம் முடியும் தாத்தா."

பழைய புத்தி, கணக்குப் போட்டேன். ஜோஜா வழியில் பஸ் ஓட 40,000 காசு. கூடத்து வழியில் 42,500. உறுப்பினர் கட்டணத்தைச் சேர்த்தால் ஜோஜாதான் 2,500 அதிகம்! உறுப்பினராகாதவனுக்கு அங்கே விதையும் பியேர் கடையைவிட விலை கூடுதல். பெரிய கடை என்றால் மலிவு என்று யார் சொன்னது? "ஆனால் ஷேனுக்கு அங்கேதானே வேலை, கடையை மூடினால்?" என்றான் பேரன். அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. அவன் கூடத்து வழியிலேயே போனான். பஸ் கிளம்பி, டிரைவர் சீட்டில் பாம் உட்கார்ந்தபோது இரண்டு பேருமே கை தட்டினோம்.

மூன்றாம் வருஷம் பிறக்கிற அன்று தாத்தா ஆவியாக வந்து, பேரன் பண்ணையை எப்படி வைத்திருக்கிறான் என்று பார்த்து மெழுகுவர்த்தி ஏற்றுவார். அதிகபட்சம் நாலு. பேரனுக்கு மூன்று கிடைத்தது. திரும்பி என்னைப் பார்த்தான்.

"பாகூர்ல நமக்கும் நிலம் இருந்துச்சாமே, அம்மா சொன்னாங்க. என்ன ஆச்சு தாத்தா?"

"வித்துட்டேன்டா. எனக்குச் சர்க்கார் உத்தியோகம். யாரு பாக்கறது?"

"இப்ப என்ன போட்டிருக்காங்க?"

"மனை போட்டிருக்காங்க."

கொஞ்ச நேரம் யோசித்தான். "உங்க தாத்தா வந்தா எத்தனை மெழுகுவர்த்தி ஏத்துவாரு?"

"ஒண்ணுகூட தேறாது" என்றேன்.

"பரவாயில்ல தாத்தா, வைரம் ஒண்ணு வெச்சா அவரு திரும்பி வந்து மறுபடியும் பாப்பாரு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் ஊற்றும் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.