மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு

முகூர்த்த வேளையில் பட்டு வேஷ்டியும் அங்கவஸ்திரமுமாக விளங்கிய மாப்பிள்ளை, மாலை வரவேற்பில் கனத்த கறுப்புக் கோட்டுக்குள் புகுந்து வியர்வையில் நீராடுவதை நம் வீட்டுக் கலியாணங்களில் காண்கிறோம். கேட்டால், மேனாட்டு மணமகன் தொன்றுதொட்டு அணியும் உடை என்பார்கள். அந்தத் தொன்மை எவ்வளவு என்று சற்று விசாரித்துப் பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபோது ஆங்கிலேய மணமகன் கறுப்பையே கட்டி அழவில்லை. பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டு அவனுக்கு உகந்ததாயிருந்தது. 1840-ஆம் வருஷம் பிப்ரவரி 10-ந் தேதி விக்டோரியா ராணியை மணந்த ஆல்பர்ட் இளவரசரோ, பீல்டு மார்ஷல் பதவிக்குரிய சிவப்புக் கோட்டில் வந்து நின்றார். நூற்றாண்டின் நடுவில் முழங்கால்வரை தொங்கும் பிராக் கோட்டு செல்வாக்குப் பெற்றது. அதிலும் கருநீலம், திராட்சை ரஸச் சிவப்பு முதலிய நிறங்கள் இருந்தன. வரவர அவையெல்லாம் மங்கிக் கறுப்பே மிஞ்சிற்று. நூற்றாண்டு முடியும் தறுவாயில், முன்புறம் வளைத்து வெட்டிய 'காலைக் கோட்டு' அதன் இடத்தைப் பிடிக்கலாயிற்று.

மாலை விருந்துக்குரிய வால் கோட்டை விடுத்துப் பகலுடையை நாடியதேன்? அந்நாளில் இங்கிலாந்தில் காலை 8 மணிக்கும் நண்பகல் 12 மணிக்கும் இடையேதான் விவாகம் நடக்கலாம் என்பது சட்டம். 1886-இல்தான் அதைப் பிற்பகல் 3 மணி வரை நீட்டினார்கள். ஆகவே அவர்களுடைய மணக்கோலம் அவர்கள் ஊர்க் குளிருக்கும், அவர்கள் ஊர்க் கடிகாரத்துக்கும் ஏற்ப அமைந்தது. அதில் குறை கூற நமக்கு என்ன இருக்கிறது?

ஆனால் அதே 1840-ஆம் வருஷத்துக் கலியாணத்தில் மற்றொரு விஷயமும் உண்டு. உள்நாட்டுத் தொழிலாளர் பிழைக்க வேண்டுமென்று, லண்டன் ஸ்பிடல்பீல்ட்ஸ் நெசவாளரின் பட்டையும், டெவன்ஷயர் பெண்கள் கையால் பின்னிய ஹானிட்டன் லேஸையுமே மணமகளான ராணி அணிந்துகொண்டார். தம் தேசத்து நெசவாளரை அவர் மணமேடையிலும் மறக்கவில்லை.

நாமோ அவர்களுடைய கோட்டை வாங்கிக்கொண்டோம். அந்தப் புத்தியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். சேலத்து வெண்பட்டு வேஷ்டி காலையில் மங்களமாயிருந்தால் மாலையில் மட்டும் குறைந்துவிடுமா? மாப்பிள்ளை சற்றுக் காற்றாட நிற்பான். தறியில் உட்கார்ந்திருப்பவர் வீட்டிலும் அடுப்பெரியும்.