தார் வண்டியைத் தூக்கலாமா? மருமகனுக்குச் சொன்ன பதில்



பதிவு கொஞ்சம் நீளம். முப்பத்து நான்கு வருஷம் இயற்பியல் நடத்தியவன் கையில் ஒரு கேள்வி கிடைத்தால் சீக்கிரம் விடமாட்டான் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

போன மாதம் அக்கா மகன் சென்னையிலிருந்து ஒரத்தநாட்டுக்கு வந்திருந்தான். அவனிடம் ஒரு மஹிந்திரா தார் இருக்கிறது, 2020-க்குப் பிறகு வந்த புது மாடல். மாதம் ஒருமுறை அதில்தான் ஊருக்கு வருவான். சாப்பிட்டு முடித்ததும் போனைக் கொண்டுவந்து ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து மோவாப் என்ற ஊர். பாறை மேல் ஒரு ஜீப் பல்லி மாதிரி ஏறுகிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில், இன்னொன்று ஆள் உயரத்தில். "இதுதான் மாமா லாங் ஆர்ம் லிஃப்ட் கிட். நம்ம வண்டியையும் நாலு இன்ச் தூக்கி, இதே மாதிரி நீளக் கை போட்டுத் தர்றேன்னு ஒரு பட்டறைக்காரர் சொல்றார். நீங்க பிசிக்ஸ்தானே, சொல்லுங்க, போடலாமா?" என்றான்.

எடுத்த எடுப்பில் "வேண்டாம்டா" என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் எந்த மருமகன் கேட்டிருக்கிறான்? அதனால் நாலு நாள் டைம் வாங்கிக்கொண்டு, படித்து, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். இதே ஆசை உங்களில் சிலருக்கும் இருக்கிறது என்று உங்கள் படங்களைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் நீளக் கை என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரே இரும்புத் தண்டாக இருக்கும் அச்சு, சுருள் ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் வண்டிகளில் அந்த அச்சு முன்னே பின்னே ஓடாமல் பிடித்துக்கொள்ள சில இரும்புக் கைகள் இருக்கும். கையின் ஒரு முனை சேஸில், மறுமுனை அச்சில். சக்கரம் மேலே கீழே போகும்போது கையும் கதவு மாதிரி ஆடும். கம்பெனியிலிருந்து வரும்போது கை ஏறக்குறைய படுக்கையாக இருக்கும். வண்டியைத் தூக்கினால் சேஸ் மேலே போகும், அச்சு கீழேயே நிற்கும், கை சரிந்துவிடும்.

40 செ.மீ. கை என்று வைத்துக்கொள்வோம். 10 செ.மீ. தூக்கினால் சுமார் 14.5 டிகிரி சரியும். அதையே 80 செ.மீ. கையாகப் போட்டால் 7 டிகிரிதான். சரிவு கூடினால் என்ன கெட்டுவிடும்? முன் சக்கரம் ஒரு கல்லில் மோதினால் கொஞ்சம் பின்வாங்கி மேலே ஏற வேண்டும். சரிந்த கையோ மேலே எழும்போது சக்கரத்தை முன்னே தள்ளி, அந்தக் கல்லிலேயே குத்த வைக்கிறது. அடி முழுக்க கை வழியாக சேஸுக்கு வரும். ஸ்டீயரிங்கின் கோணமும் மாறும்.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் குட்டைச் சங்கிலியில் தொங்கும் ஊஞ்சலை ஒரு முழம் இழுத்தால் பலகை சட்டென்று மேலே எழும்பும். புளியமரத்து உயரக் கிளையில் கட்டிய ஊஞ்சலை அதே முழம் இழுத்தால் ஏறக்குறைய நேர்கோட்டில் வரும். நீளக் கையின் சூட்சுமம் அவ்வளவுதான். நல்ல யோசனை. கண்டுபிடித்தவன் ஜியோமெட்ரி ஒழுங்காகப் படித்தவன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீளக் கை வண்டியைத் தூக்குவதில்லை. தூக்கியதால் வந்த கோளாறைச் சரிசெய்கிறது. அதாவது அது மருந்து. மருந்து நல்லதா என்று கேட்பதற்கு முன்னால், அந்த நோயை நாமாக வரவழைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

மோவாபிலும், கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாதையிலும் அதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே தரை பாறை. பாறை அழுந்தாது. நாலு சக்கரமும் நாலு உயரத்தில் நிற்க வேண்டும், அடிவயிறு இடிக்கக் கூடாது, வேகம் ஆள் நடக்கிற வேகம்தான். அந்த இடத்துக்கு அந்த வைத்தியம் பொருத்தம்.

நம் ஊர்த் தரை என்ன? மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து வயலுக்குப் பாய்ந்துவிட்டால் பிறகு எல்லாம் களிமண். ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயலுக்குப் போகும் வண்டிப்பாதையில் செருப்போடு நடந்தவனுக்குத் தெரியும், ஒரு காலுக்கு ஒரு கிலோ மண் ஒட்டும். அந்தச் சேற்றில் சக்கரம் இறங்கும். எது வரை இறங்கும்? அச்சு மண்ணில் உட்காரும் வரை. பின் அச்சின் நடுவில் குடம் மாதிரி தொங்குகிறதே டிஃபரன்ஷியல், அது ஏர்க்கொழு மாதிரி மண்ணை உழ ஆரம்பித்தால் கதை முடிந்தது.

ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேஸும் பாடியும்தான் மேலே போகும். அச்சு போகாது. டிஃபரன்ஷியலும் போகாது. அது சக்கரத்தின் மையத்தோடு கட்டுண்டது. அதை உயர்த்த ஒரே வழி பெரிய சக்கரம்தான். நாலு இன்ச் தூக்கி, லட்சங்களில் செலவு செய்த பிறகும், பழைய டயரே இருந்தால் சேற்றில் அந்தக் குடம் பழைய உயரத்தில்தான் உழுதுகொண்டிருக்கும்.

இது நம் தாத்தாக்களுக்குத் தெரிந்திருந்தது. பாரவண்டிச் சக்கரம் ஏன் மார்பு உயரத்துக்கு இருந்தது? இருசு சேற்றில் உரசக் கூடாது என்றுதான். டிராக்டரின் பின்சக்கரம் பெரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நடவுக்குச் சேறடிக்கும்போது கேஜ் வீல் மாட்டுகிறார்களே, அதுவும் சக்கரத்தில் செய்கிற வேலைதான், ஸ்பிரிங்கில் அல்ல. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்த பிறகு பட்டுக்கோட்டைப் பக்கம் எந்த வண்டி போனது என்று நினைத்துப் பாருங்கள். நான் பார்த்த இடத்திலெல்லாம் பாதை திறந்தது மரம் அறுக்கும் மெஷினும் டிராக்டரும் ஆட்களின் தோளும்தான்.

இன்னொன்று. நீளக் கையின் முனை சேஸின் நடுவயிற்றுக்குக் கீழே வந்து மாட்டும். பெரிய வரப்பையோ வாய்க்கால் மேட்டையோ தாண்டும்போது முதலில் தட்டுகிற இடம் அதுதான். தூக்கிக் கொடுத்த உயரத்தில் ஒரு பங்கை அந்தக் கையே திருப்பி வாங்கிக்கொள்கிறது.

அவன் வண்டியின் கதை இன்னும் வேறு. புதுத் தாரில் முன்னால் ஒற்றை அச்சே கிடையாது. இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆடும் இரட்டை விஷ்போன். பின்னால் மட்டும்தான் முழு அச்சும் கைகளும். ஜீப் ராங்லருக்கோ ஜிம்னிக்கோ முன்னும் பின்னும் முழு அச்சு இருப்பதால் இந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. தாரின் முன்பக்கத்துக்கு அந்த அமெரிக்கக் கிட் பொருந்தவே பொருந்தாது. முன்னால் வெறுமே உயர்த்தினால் சக்கரத்தைச் சுற்றுகிற தண்டின் மூட்டுகள் எப்போதும் மடங்கிய கோணத்திலேயே சுழன்று தேயும். பின்னால் "செய்து தர்றேன்" என்றால் கம்பெனி மாட்டியதை அறுத்துவிட்டு வேறு இடத்தில் வெல்டிங் வைப்பது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் திருச்சி நெடுஞ்சாலையில் வரும்போது ஒரு குடும்பமே அந்த வெல்டிங்கை நம்பி உட்கார்ந்திருக்கும்.

இப்போது எனக்கு உண்மையில் பயம் தருகிற விஷயத்துக்கு வருகிறேன்.

வண்டி பக்கவாட்டில் கவிழாமல் நிற்கும் திறனை ஒரு சின்னப் பின்னத்தில் எழுதலாம். இரண்டு சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். கணக்குக்காக அகலம் 150 செ.மீ., மைய உயரம் 70 செ.மீ. என்று வையுங்கள். விடை 1.07. மையம் 80 ஆனால் விடை 0.94. எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. அச்சும் சக்கரமும் உயராததால் நாலு இன்ச் தூக்கினால் மையம் முழுதாக நாலு இன்ச் ஏறாது என்பது சரிதான். ஆனால் தூக்கியவன் அதோடு நிற்பதில்லையே. பெரிய டயர் போடுவான், மேலே கேரியர் போட்டு அதில் ஒரு ஸ்டெப்னியும் கட்டுவான்.

இந்த எட்டில் ஒரு பங்கை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் ஊரில் ஒருவர் பழைய ஜீப் வைத்திருந்தார். பாரம் தாங்கட்டும், பள்ளத்தில் இடிக்காமல் போகட்டும் என்று ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டைகள் வைத்துத் தூக்கியிருந்தார். ஒரு மார்கழி இரவு, ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வாய்க்கால் கரை வழியாக வருகிறோம். பின்னால் நாங்கள் ஐந்து பேர். எதிரே மாடு. அவர் ஸ்டீயரிங்கை வெட்டினார். பெரிய வேகம்கூட இல்லை. வண்டி நின்று யோசிப்பது மாதிரி ஒரு கணம் ஒருபக்கச் சக்கரத்தில் நின்றது, பிறகு மெதுவாக வாய்க்காலில் சாய்ந்தது. தண்ணீர் இடுப்பளவுதான், அதனால் பிழைத்தோம். வண்டி ஓட்டியவருக்கு வலது கை முழங்கைக்குக் கீழ் கடைசி வரை நேராகவில்லை. அவர் என் தகப்பனார். இதை இதுவரை வகுப்பில்கூடச் சொன்னதில்லை.

நம் மாவட்டத்தில் பாதிச் சாலைகள் கரைமேல் போகிறவை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பள்ளத்தில் வயல், பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. இங்கே ஓட்டுகிறவனுக்கு உயரத்தைவிட நிதானமாக நிற்கிற வண்டிதான் தேவை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். "யார் பிடிக்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். பிடிக்காமலே போகலாம். ஆனால் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் வந்து பார்ப்பார். அன்றைக்கு அந்த நாலு இன்ச் அவர் கண்ணில் படாமல் போகாது.

அப்படியானால் யாருமே போடக் கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. தனியார் நிலத்தில் போட்டிக்கென்றே ஒரு வண்டி, அதை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கி ஓட்டுகிறவர், பாறை ஏறுவதே வேலை, முன்னும் பின்னும் முழு அச்சு. அவர் தூக்கட்டும். தூக்கினால் நீளக் கையும் போடட்டும், அரைகுறையாக விடவேண்டாம். வீட்டுக்கும் வயலுக்கும் நெடுஞ்சாலைக்கும் ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு இது வேண்டாம் என்பதே என் முடிவு.

மருமகனிடம் சொன்னேன்: "மாப்ளே, உன் வண்டி தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரம். 650 மில்லிமீட்டர் தண்ணீர் தாண்டும்னு கம்பெனியே சொல்லுது. அதுல பாதியையாவது நீ பார்த்திருக்கியா? நல்ல பட்டன் உள்ள டயர் போடு, கம்பெனி அனுமதிச்ச அளவுல. சேத்துல இறங்குறப்ப காத்தைக் குறை, ரோடு ஏறுனதும் திரும்பப் பிடி. ஃபோர் வீல் லோ எப்ப போடணும்னு கத்துக்க. ஒரு நல்ல இழுவைக் கயிறு வச்சுக்க. மிச்சக் காசுக்கு வேற வேலை இருக்கு."

அவன் சிரித்தான். "யோசிக்கிறேன் மாமா" என்றான்.

அக்கா அதுவரை திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எழுபத்து மூன்று வயது, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. இப்போதே முக்காலி போட்டுத்தான் அந்த வண்டியில் ஏறுகிறாள். "இன்னும் நாலு இஞ்சியா? அப்ப நான் பஸ்ஸுலயே போய்க்கிறேன்டா" என்றாள்.

என் இரண்டு பக்கக் கணக்கைவிட அது அவனுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். பட்டறைக்காரருக்கு இன்னும் போன் செய்யவில்லையாம்.

உங்களில் யாராவது இந்தக் கிட் போட்டு ஓட்டியிருந்தால், நல்லதோ கெட்டதோ, கீழே எழுதுங்கள். என் கணக்கில் தப்பிருந்தால் தாராளமாகச் சுட்டிக்காட்டுங்கள். மார்க் குறைக்கமாட்டேன்.

எல்லோரும் நிதானமாக ஓட்டுங்கள். கரைமேல் வரும்போது இன்னும் நிதானமாக.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் சார்
தஞ்சாவூர்