சுவர் விழுந்தால் யார் பொறுப்பு?

2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் அரசு உதவிபெறும் பள்ளியொன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்கும் உத்தரவு அதன் பிறகுதான் வேகம் பிடித்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகா கணக்கெடுப்பு?

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்காகவும் இதைக் கேட்கிறோம். அவற்றை நடத்துவது துறை. கட்டடப் பணி பெரும்பாலும் தாட்கோவிடம். சுவர் விழுந்தால் இவர் அவரைக் கைகாட்டுவார். அவர் மழையைக் கைகாட்டுவார். விரிசலைப் பார்த்தும் கையெழுத்துப் போட்டவர் தப்பிவிடுவார்.

நிவாரணத் தொகை கொடுத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது. கட்டட உறுதிச் சான்றின் தேதியையும், கையெழுத்திட்ட பொறியாளர் பெயரையும் பள்ளி வாசலில் எழுதி வைக்க வேண்டும். அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாகவே கேட்போம்.