புலிக்கு எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு?

591 ஊர்கள். 64,801 குடும்பங்கள். தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூன் 19 அன்று மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதத்தில் உள்ள எண்கள் இவை. புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிக்குள் இத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், இவர்களை வெளியே கொண்டுவரத் திட்டமும் காலக்கெடுவும் அனுப்புங்கள் என்றது அந்தக் கடிதம். இதற்கு அரசு வைத்திருக்கும் பெயர் "தானாக முன்வந்து இடம்பெயர்தல்". பட்டியல் தில்லியில் தயார், காலக்கெடு கேட்டுக் கடிதமும் தயார். தானாக முன்வர வேண்டியது மட்டும்தான் பாக்கி.

இதையெல்லாம் காட்டுயிர் ஆர்வலர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம் தோழர்களே கடந்துபோகிறார்கள். ஆனால் இது பட்ஜெட் விவகாரம். கணக்கைப் பாருங்கள்.

வெளியேறும் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் தருகிறார்கள். 2008 முதல் 10 லட்சமாக இருந்ததை 2021இல் உயர்த்தினார்கள். 64,801 குடும்பங்களுக்குக் கொடுக்கச் சுமார் 9,720 கோடி வேண்டும். 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் புலிக்கும் யானைக்கும் சேர்த்து ஒதுக்கியதோ 290 கோடி. அதில் ஜீப்புக்கு டீசல் போடாமல், காவலருக்குக் கூலி கொடுக்காமல், ஒரு கேமராகூட வாங்காமல் மொத்தத்தையும் வெளியேற்றத்துக்கே கொட்டினாலும் 33 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிறகு எந்தத் தைரியத்தில் அந்தக் கடிதம் எழுதினார்கள்?

வேறொரு பெட்டியில் பணம் இருக்கிறது. அதன் பெயர் காம்பா. சுரங்கத்துக்கும் அணைக்கும் நாற்கரச் சாலைக்கும் காட்டை எடுப்பவர்கள் கட்டும் ஈட்டுத்தொகை அது. 2016இல் அதற்குச் சட்டம் போட்டார்கள். 2019 ஆகஸ்டில் மட்டும் 27 மாநிலங்களுக்கு 47,436 கோடியைப் பிரித்துக் கொடுத்தார்கள். 2018இல் வந்த விதிகளின்படி, பாதுகாக்கப்பட்ட காடுகளிலிருந்து ஊர்களை அப்புறப்படுத்தவும் இந்தப் பணத்தைச் செலவிடலாம். ஆக, ஒரு காட்டை நிறுவனத்துக்குக் கொடுத்து அங்கிருந்த பழங்குடியை விரட்டுகிறார்கள், அதில் வந்த பணத்தை வைத்து இன்னொரு காட்டுப் பழங்குடியை விரட்டுகிறார்கள். இதற்குப் பெயர் இயற்கைப் பாதுகாப்பாம்.

பணம் எப்படிப் பிரிகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். முதுமலை போல ஒரு தேசியப் பூங்கா புலிகள் காப்பகமாகவும் இருந்தால், அதன் கள இயக்குநர் ஆண்டுதோறும் ஒரு செயல்திட்டம் எழுதுவார். அது தலைமை வன உயிரினக் காப்பாளர் வழியாகத் தில்லி போகும். அங்கே வெட்டித் தட்டி ஒப்புதல் தருவார்கள். கட்டடம், வாகனம் போன்ற ஒருமுறைச் செலவில் ஒன்றியம் 60, மாநிலம் 40. கூலி போன்ற தொடர் செலவில் பாதிக்குப் பாதி. இமயமலை, வடகிழக்கு மாநிலங்களுக்கு 90:10. பணம் தவணை தவணையாக வரும். தவணை தாமதமானால் முதலில் நிற்பது வேட்டைத் தடுப்புக் காவலரின் கூலி. அவர் பெரும்பாலும் அதே காட்டின் பழங்குடி இளைஞர், தற்காலிகப் பணியாளர். புலியின் கால்தடம் தெரிந்தவருக்குச் சம்பளத் தேதி தெரியாது.

இந்தப் பாதை முழுவதிலும் கிராம சபை என்ற சொல் எங்காவது வருகிறதா? 2006 வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு காட்டையும் காட்டுயிரையும் பாதுகாக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுத்திருக்கிறது. அதிகாரம் ஊரிடம், பணம் துறையிடம்.

இன்னொன்று நம்மில் பலருக்குத் தெரியாது. புலிகள் ஆணையத்தில் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்தின் தலைவரும், பழங்குடியினர் ஆணையத்தின் தலைவரும் சட்டப்படி உறுப்பினர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 38எல் பாருங்கள். நம் பெயரில் அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் உட்கார்ந்தவர்கள் இந்த 64,801 குடும்பங்களுக்காக என்ன பேசினார்கள் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

2023இல் ஆஸ்கர் வந்தது, நினைவிருக்கிறதா? யானைகளை வளர்த்த பழங்குடித் தம்பதி பற்றிய ஆவணப்படம். விருது வந்த சில நாளில், தமிழ்நாட்டின் இரண்டு யானை முகாம்களிலும் வேலை செய்யும் 91 பேருக்குத் தலா ஒரு லட்சமும், வீடு கட்ட 9.10 கோடியும் அறிவித்தார்கள். கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக அதே முகாமில் இருந்தவர்களுக்கு வீடு வேண்டும் என்பது லாஸ் ஏஞ்சல்ஸ் மேடையிலிருந்து பார்த்தால்தான் தெரியுமா? படம் எடுக்கப்படாத ஊருக்கு யார் ஒதுக்குவார்கள்?

"இது பழங்குடியினர் பிரச்சினை, தலித்துகளுக்கு என்ன?" என்று ஒரு கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். மாஞ்சோலை, தம்பி. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட காடு. அங்கே தேயிலை பறித்தவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். 1999 ஜூலை 23 அன்று அவர்களுடைய கோரிக்கைகளுக்காக நெல்லையில் ஊர்வலம் போனபோதுதான் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். 2024இல் விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கி எஸ்டேட் கணக்கை முடித்தார்கள். நிலம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்கு.

வன உரிமைச் சட்டத்தில் பழங்குடி அல்லாதவர் உரிமை கேட்டால், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். 1930க்குப் போக வேண்டும். கங்காணி ஓட்டிக்கொண்டு வந்த தாத்தாவிடம் என்ன பத்திரம் இருந்திருக்கும்? முதியோர் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கலாம் என்று விதி சொல்கிறது. அதிகாரி காகிதத்தைத்தான் கேட்கிறார். சேரியிலும் காகிதம் இல்லை, எஸ்டேட் லயத்திலும் காகிதம் இல்லை.

அண்ணல் அம்பேத்கர் 1925இல் வெளியிட்ட நூல் மாகாணங்களின் நிதி பற்றியது. மத்திய அரசுக்கும் மாகாணத்துக்கும் இடையே பணம் எப்படிப் பிரிகிறது என்று வரி வரியாக ஆராய்ந்தவர் அவர். நாமோ பட்ஜெட் நாளில் மீம் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறோம்.

கல்லூரித் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் பக்கத்துக் காப்பகத்தின் கள இயக்குநர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் மனு போடுங்கள். கடைசி மூன்று ஆண்டுச் செயல்திட்டங்களின் நகல் கேளுங்கள். இடம்பெயர்வுக்கு ஒப்புதல் தந்ததாகச் சொல்லும் கிராம சபைத் தீர்மானங்களின் நகல் கேளுங்கள், கையெழுத்துப் பக்கத்தோடு. வேட்டைத் தடுப்புக் காவலர்களின் கூலி எந்தெந்த மாதம் எந்தத் தேதியில் வழங்கப்பட்டது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்ததும் அந்தக் காகிதத்தை முதலில் அந்த ஊர்க் கிராம சபையில் வாசித்துக் காட்டுங்கள், பிறகு எங்களுக்கு அனுப்புங்கள்.