பட்டத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் நடுவே

மனநோய்க்கு மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். உளவியல் சோதனைகள் நடத்திச் சிகிச்சை தருபவர் மருத்துவ உளவியலாளர். நோயாளியை அவருடைய குடும்பம், வேலை, கடன், தெரு எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்த்துச் சிகிச்சை தருபவர் மனநல சமூகப் பணியாளர். இந்தியாவில் இந்தத் தொழில் 1937இல் பம்பாயில், டாடா சமூகப்பணிப் பள்ளியைச் சார்ந்த குழந்தைகள் வழிகாட்டு மையத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னை சமூகப்பணிப் பள்ளியை நிறுவினார். அன்று தொட்டு இத்தொழிலுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனையிலோ தொண்டு நிறுவனத்திலோ அரசுத் திட்டத்திலோ சம்பளத்துக்கு இருப்பவர்கள். சொந்தமாக அறை திறந்து ஆலோசனை தருவோர் சிலரே. அவர்களும் பெருநகரங்களை விட்டு நகர்வதில்லை.

தேவை நகரத்தோடு நிற்பதில்லை. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கணக்கிட்டது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சைக்கே வராதிருந்தனர். விருதுநகர் மாவட்டத்தில் ராஜபாளையத்தை அடுத்த தேவதானம் போன்ற ஊரில் இது புள்ளிவிவரமாகத் தெரியாது. "தூக்கமே வரல", "நெஞ்சு படபடங்குது" என்று மெடிக்கலில் மாத்திரை வாங்குவது, கோடாங்கியிடம் குறி கேட்பது, அதற்கும் அடங்காவிட்டால் மதுரைக்கு பஸ் ஏறுவது என்று வரிசையாக நடக்கும். மாவட்ட மனநலத் திட்டக் குழு விருதுநகரில் இருக்கிறது. 2022இல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆனால் வாரம் ஒரு முறை, முக்கால் மணி நேரம், மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியதைக் கூட்டம் நிரம்பிய புறநோயாளிப் பிரிவில் செய்ய முடியாது.

இந்த இடத்தை நிரப்ப யாருக்குத் தகுதி உண்டு என்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் (எம்.எஸ்.டபிள்யூ.), அதற்கு மேல் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர மனநல சமூகப்பணி எம்.ஃபில். இரண்டும், அல்லது விதிகளில் வகுக்கப்படும் அங்கீகரிக்கப்பட்ட தகுதி, உள்ளவரே சட்டத்தின் பார்வையில் மனநல சமூகப் பணியாளர். அவர் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். உள்நோயாளியாக யாரையும் தங்கவைக்காத ஆலோசனை அறை அந்தச் சட்டத்தின்படி மனநல நிறுவனம் ஆகாது. ஆகவே அறையை விட ஆளின் தகுதியே முதலில் கேட்கப்பட வேண்டியது. எம்.எஸ்.டபிள்யூ. முடித்த கையோடு பெயர்ப்பலகை மாட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எம்.ஃபில். இடங்கள் பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி, தேஜ்பூர் போன்ற தொலைவான நிறுவனங்களில், அதுவும் குறைவாகவே இருந்தன. மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை இரண்டாண்டு அங்கே போய்ப் படிப்பது எளிதல்ல. அந்த வழியும் இப்போது அடைபடுகிறது. எம்.ஃபில். படிப்பையே 2022 விதிகளில் கைவிட்ட பல்கலைக்கழக மானியக் குழு, மனநல சமூகப்பணிக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு அளித்தது. சட்டம் பெயர் சொல்லிக் கேட்கும் பட்டம் இல்லாமல் போகும்போது, அதற்கு ஈடான தகுதி எது என்பதை அரசு சந்தேகத்துக்கு இடமின்றி எழுதிவைத்தாக வேண்டும். எழுதாத ஒவ்வோர் ஆண்டும் மூன்று நாள் சான்றிதழ் வகுப்பு முடித்தவருக்குச் சாதகமாகவே முடியும்.

பட்டத்தை விடப் பெரிய குறை ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவில் ஒரு சமூகப் பணியாளர் சொந்தமாகச் சிகிச்சை தர உரிமம் பெற, முதுகலைக்குப் பிறகு குறைந்தது 104 வாரங்களில் 3,000 மணி நேரம் மூத்தவர் மேற்பார்வையில் வேலை செய்திருக்க வேண்டும். தேர்வும் எழுத வேண்டும். இங்கே பட்டத்துக்கும் தனித்தொழிலுக்கும் நடுவே அப்படியொரு கட்டாயப் படி இல்லை. 2021ஆம் ஆண்டு இணைநிலை, சுகாதாரத் தொழிலர் தேசிய ஆணையச் சட்டம் தன் அட்டவணையில் மருத்துவ, மனநல சமூகப் பணியாளர்களைச் சேர்த்திருப்பது நல்ல தொடக்கம். அச்சட்டப்படி அமையும் மாநில மன்றம் பதிவேட்டோடு நின்றுவிடாமல், மேற்பார்வை மணிகளையும் அதில் கேட்க வேண்டும். அந்த மணிகளை விருதுநகர் மருத்துவக் கல்லூரியிலும் மாவட்டத் திட்டத்திலும் முடிக்க வழி செய்தால், ராஜபாளையத்துப் பட்டதாரி ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. தற்கொலை எண்ணத்தோடு வருபவர் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கு, அன்று மாலையே போன் செய்து கேட்க ஒரு மூத்தவர் வேண்டும். அது இல்லாமல் திறக்கும் அறை வருபவருக்கும் ஆபத்து, திறந்தவருக்கும் ஆபத்து.

அறை எங்கே என்பது அடுத்த கேள்வி. தேவதானத்தில் வீட்டு முன்னறையில் தொடங்கினால் வாடகை மிச்சம். ஆனால் படியேறும் பெண்ணை எதிர்த் திண்ணையில் இருக்கும் அத்தை பார்த்துவிடுவார், பொழுது சாய்வதற்குள் சேத்தூர் வரை சேதி போய்விடும். ராஜபாளையத்தில், பல் மருத்துவரும் கண் கண்ணாடிக் கடையும் உள்ள கட்டடத்து மாடி நல்லது. எதற்கு வந்தார் என்று யாரும் ஊகிக்க முடியாது. காத்திருப்போர் எதிரெதிரே உட்காராதபடி நாற்காலி போட வேண்டும். கதவுக்கு வெளியே ஒரு மின்விசிறி ஓடினால் உள்ளே பேசுவது கேட்காது. தேரோட்டத்திலோ கல்யாண வீட்டிலோ நேர்ப்பட்டால் தெரிந்தவராகக் காட்டிக்கொள்வதா வேண்டாமா என்பதை முதல் நாளே பேசி முடிவுசெய்துவிட வேண்டும். நூற்பாலையில் பகல் ஷிப்டு, அரை நைட், முழு நைட் மாறிமாறி வருவதால், வாரந்தோறும் ஒரே நேரம் என்ற நகரத்து ஒழுங்கு இங்கே செல்லாது. சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிக்காரர் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்.

சமூகப் பணியாளரின் பலமும் இப்படி ஊர் வாழ்க்கையை அறிந்திருப்பதில்தான். தூக்கமின்மை என்று வரும் பெண்ணிடம் அவர் மகளிர் குழுக் கடன் தவணை எந்தக் கிழமை என்று கேட்பார். ஞாயிறு இரவு மட்டும் தூக்கம் போவதன் காரணம் திங்கள்கிழமைத் தவணையில் இருக்கலாம். கணவரின் குடிக்குச் சிகிச்சை, விதவை உதவித்தொகை மனு, பள்ளி ஆசிரியரோடு ஒரு பேச்சு ஆகியவையும் அவருடைய சிகிச்சையில் அடங்கும்.

கட்டணம் தினக்கூலியை ஒட்டித்தான் இருக்க முடியும். கவனம் சிதறாமல் ஒரு நாளில் ஐந்தாறு பேரைத்தான் பார்க்கலாம் என்பதால், தொடக்க ஆண்டுகளில் கல்லூரியிலோ தொண்டு நிறுவனத்திலோ பகுதிநேரச் சம்பளத்தை விடாமல், மாலையில் அறையைத் திறப்பதே நடக்கக்கூடிய வழி.

ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு, அதற்குப் பூட்டு. 2017 சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு போன்ற நிலைகளில் மட்டும் விலக்கு. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். இந்த எல்லைகளை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்து குடித்துப் பிழைத்தவரைக் கூட்டிவரும் குடும்பம் கேஸ் ஆகிவிடுமோ என்று நடுங்கும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்வதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வதும் சிகிச்சையில் சேரும். காதில் குரல் கேட்பவர், வாரக்கணக்கில் உண்ணாதவர், குடியை நிறுத்தியதும் கை நடுங்கிப் பிதற்றுபவர் ஆகியோரை அறையில் வைத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அந்த மருத்துவரின் எண்ணும், அறை பூட்டியிருக்கும் நேரத்துக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் 14416 என்ற எண்ணும் கதவருகே தமிழில் எழுதியிருக்க வேண்டும்.